அறுபத்தொரு பேரின் காது

புனே
12.5.2025

அன்புத் தங்கை ஷைமாவுக்கு,

போன மாதம் உன் அண்ணன் முபீனின் போனுக்கு நான் அனுப்பிய மெசேஜை அவன் பட்டறையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினான் என்று கேள்விப்பட்டேன். அதனால் இனிமேல் தபால்தான். என் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர்கள் நாலைந்து உள்ளே இருக்கின்றன. எழுதி பெட்டியில் போட்டால் போதும்.

நான் இருக்கிறேன். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வருட ஒப்பந்தம் என்பதால், உட்கார்ந்த நாற்காலி சூடாகும் முன்பே அடுத்த நாற்காலியைத் தேட வேண்டியிருக்கிறது. இங்கே சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். பழகவில்லை.

ஒரு நல்ல செய்தி. போன வருடம் செல்லூரில் உங்கள் தெருவில் அறுபத்தொரு தறிக்காரப் பெண்களின் வீடுகளுக்கு நாம் இருவரும் போனோமே, தறிச் சத்தத்தில் காது எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தோமே, அந்தக் கட்டுரையை ஓர் ஆய்வு இதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெளிவந்தால் என் வேலை இன்னும் இரண்டு வருடம் நீளும் என்று எங்கள் தலைவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. நாம் நிரப்பிய தாள்களில் உள்ள விவரம் முழுவதையும் ஒரு தரவுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். களஞ்சியம் என்றால் கம்ப்யூட்டரில் இருக்கும் பொது இடம். மற்ற ஆய்வாளர்கள் அதை எடுத்து நாம் சொன்னது சரிதானா என்று பார்ப்பார்கள், தங்கள் ஆய்வுக்கும் பயன்படுத்துவார்கள். எந்தக் களஞ்சியம் என்று ஜூலை முடிவதற்குள் நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதில் 'விவரம் சேகரித்தவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. உன் பெயரைப் போடப் போகிறேன். ஒன்பதாவதோடு நின்றவள் என்று உன்னை நீயே எத்தனை முறை சொல்லியிருப்பாய். இதற்குப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை. முழுப்பெயரை எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
நாகஜோதி


செல்லூர், மதுரை
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு ஷைமா எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அல்லாஹ்வின் கிருபையில் எல்லோரும் இருக்கிறோம். வெயில் தாங்கவில்லை. கரண்டு போனால் தறி நிற்கும், அப்போதுதான் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

கட்டுரை வருவதில் எனக்கு மிகவும் சந்தோஷம். அக்கா, என் பெயர் மட்டும் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் என்று நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எழுதுவதால் சொல்கிறேன். மார்ச் மாதம் அடுத்த தெருத் தறிக்கூடத்தில் ஒரு பெண்ணின் கை தறியில் மாட்டிக்கொண்டது. தள்ளி நில் என்று பின்னால் இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் முதலாளி அப்துல் அலீம் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "காது மந்தமா இருக்கவுக தறியில நிக்க வேணாம்மா. மடிக்கிற பக்கம் போயிருங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அல்லாகிட்ட என்ன பதில் சொல்றது?" அவர் கெட்டவர் இல்லை. ஆனால் துண்டு மடிக்கிற வேலையில் தறிக்கூலியில் பாதிகூட வராது.

அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது என்று நமக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. அம்மா அவர் வரும்போதெல்லாம் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றுகொள்கிறாள். தெருவில் நிறையப் பேர் இப்படித்தான் திரும்பித் திரும்பி நிற்கிறார்கள்.

என் பெயர் இருந்தால் எங்கள் தெரு என்று தெரிந்துவிடும். அந்தக் களஞ்சியத்தை யார் யார் பார்க்கலாம் அக்கா? வாசலில் யாராவது இருப்பார்களா?

உங்கள்
ஷைமா


புனே
28.5.2025

அன்பு ஷைமா,

வாசலில் யாராவது இருப்பார்களா என்று கேட்டிருக்கிறாய். இங்கே இரண்டு வாரக் கூட்டங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. சொல்கிறேன்.

என் முன்னால் மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது, நான் முன்பு படித்த துறையின் சொந்தக் கம்ப்யூட்டர். நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் திறந்து பார்த்தால் நான் முன்பு வைத்திருந்த ஃபைல் எதுவும் திறக்கவில்லை. போன் செய்தால், "யாரும்மா நீங்க, எந்த பேட்ச்?" என்கிறார்கள்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் திறந்த களஞ்சியம். பத்து நிமிட வேலை. ஒரு நிரந்தர எண் கொடுப்பார்கள், ஐம்பது வருடம் கழித்தும் அந்த எண்ணைப் போட்டால் நம் தாள் வரும். வாசலில் ஆள் இல்லை, யாரும் எடுக்கலாம்.

மூன்றாவது, பூட்டுள்ள ஆவணக் காப்பகம். கேட்பவர் எதற்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு குழு பார்த்துத் தரும். நல்ல இடம்தான். ஆனால் நம் தாளைச் சேர்த்துக்கொள்ளவே மூன்று மாதம் ஆகும். எனக்கு இருப்பது இரண்டு மாதம்.

நேற்று மாலை இரண்டாவதில் ஏற்றிவிட்டேன். பயப்படாதே. பெயர் இல்லை, தெரு இல்லை, முதலாளி இல்லை. வயதைக்கூட முப்பது முதல் நாற்பது என்று பொதுவாக ஆக்கிவிட்டேன். நீ தாள் ஒவ்வொன்றுக்கும் போட்ட எண் மட்டும் இருக்கிறது. கேள்வித்தாளையும் காதுப் பரிசோதனைத் தாளையும் சேர்த்துப் படிக்க அது வேண்டும்.

உன் பெயரையும் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கூச்சத்தில் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. மதுரையில் ஷைமாக்களுக்கா பஞ்சம்?

எழுமலையிலிருந்து எங்கள் அம்மா போன் செய்தாள். கட்டுரை ஏற்றுக்கொண்டார்கள் என்றேன். "அம்புட்டுப் படிச்சு, ஊரான் காது கேக்குதான்னு பாக்கப் போனியாக்கும். எனக்கு முட்டி வலிக்குது, அத யாரு பாப்பா?" என்றாள்.

நாகஜோதி


செல்லூர்
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் பக்ரீதுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. எண் மட்டும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன், ஏன் என்று அப்போது தெரியவில்லை. பெருநாள் அன்றுதான் தெரிந்தது.

பள்ளிவாசலில் குர்பானிக் கறியைப் பங்கு போட்டுப் பையில் வைப்பார்கள். பையின் மேல் வீட்டுச் சந்தா எண்ணை எழுதியிருப்பார்கள். நாலைந்து தெரு சேர்ந்தது எங்கள் ஜமாஅத், அதற்கு மாதச் சந்தா கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. நோன்புக் கஞ்சி, கல்யாணச் சீட்டு, யாராவது இறந்தால் மையத்து அறிவிப்பு எல்லாம் அந்த எண்ணில்தான். எங்கள் வீடு பதினேழு. தெருவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் எல்லா வீட்டு எண்ணையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜமாஅத் செயலாளர் அப்துல் அலீம் முதலாளிதான்.

அவர் மகன் முகமது ஆசிப் நின்று எண்ணைக் கூப்பிட்டுப் பையைக் கொடுத்தார். "நாப்பத்தி ரெண்டு" என்றார். யாரும் போகவில்லை. "நாப்பத்தி ரெண்டு" என்று மறுபடி கூப்பிட்டார். ஃபர்ஹா அக்கா எனக்கு முன்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் தோளைத் தட்டினார். ஆசிப், "என்னக்கா, மாப்பிள்ளை நெனப்பா? கறி கெட்டுப் போகும்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபர்ஹா அக்காவும் சிரித்தாள். நாற்பத்திரண்டாம் தாளில் வலது காதுக்கு என்ன எழுதினோம் என்று எனக்கு மட்டும் நினைவு வந்தது.

அக்கா, தாளில் நான் போட்டது சந்தா எண்.

முதல் நாள் நீங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடச் சொன்னீர்கள். நீங்கள் வராத ஒரு மதியம் நான் மட்டும் போனேன். முதல் வீட்டில் ரஹ்மத் மாமி, "என்ன புள்ள, எனக்குப் புதுசா நம்பர் குடுக்குற? இது எந்த லிஸ்ட்டுல சேக்குறதுக்கு? ஏதும் கணக்கெடுப்பா?" என்று தாளைத் தட்டிவிட்டார். நான் பயந்துபோய், "இல்ல மாமி, உங்க பழைய நம்பரே போட்டுக்கிறேன்" என்றேன். "அப்பச் சரி, அது நம்ம நம்பருதான" என்று உட்கார்ந்து காதைக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அப்படியே செய்தேன். பெயர் எழுதக் கூடாது என்றீர்கள், நான் எழுதவில்லை. எண்தானே, அது யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். எங்கள் தெரு ஆட்கள் அதைப் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை.

என் பெயர் அதில் இருக்கிறது என்று தெரிந்தால் ஆசிப் முதலில் அதைத்தான் போனில் தேடுவார். அவர் கம்ப்யூட்டர் படிக்கிறார்.

ஒவ்வொரு வீட்டிலும், "யாருக்கும் தெரியாது" என்று சொன்னது நான்.

ஷைமா


புனே
17.6.2025

ஷைமா,

கடிதம் நேற்று வந்தது. படித்த உடனே ஃபைலைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதினேன். எடுத்துவிட்டார்கள். ஆனால் திறந்த களஞ்சியத்தில் முழுதாக அழிக்க முடியாது. 'இங்கே ஒரு தரவு இருந்தது, திரும்பப் பெறப்பட்டது' என்று ஒரு பக்கம் நிற்கும், நம் இருவர் பெயரோடு. அதற்குள் பதினொரு பேர் எடுத்துவிட்டார்கள். யார் என்று அவர்களாலும் சொல்ல முடியாது.

உன் மேல் கோபம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லவில்லை. பிறகு பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் எண்ணுக்கு அடுத்தது இருநூற்று நான்கு, அதற்கடுத்தது பதினேழு. ஏன் இப்படித் தாவுகிறது என்று ஒன்றரை வருடத்தில் உன்னிடம் ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. நீ வேண்டாம் என்று எழுதிய பெயரையும் நான்தான் போட்டேன். இதழ் ஆசிரியருக்குத் தவறு என்னுடையது என்றே எழுதியிருக்கிறேன்.

இப்போது மூன்றாவது இடம், பூட்டுள்ள காப்பகம். முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். எண்களையெல்லாம் மாற்றிவிட்டேன். ஆனால் ஒரு முறை வெளியே போனது என்பதால், ஒவ்வொரு பெண்ணிடமும் நடந்ததைச் சொல்லி மறுபடி சம்மதம் வாங்கி வா என்கிறார்கள். சரியான பேச்சுதான். எனக்கு விடுமுறை கிடைக்காது. கேட்டுவிட்டேன்.

நீ போவாயா? முடியாது என்றால் எழுது, வேறு வழி பார்க்கிறேன். வேறு வழி என்ன என்று எனக்குத் தெரியாது.

நாகஜோதி


செல்லூர்
10.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போய் வந்துவிட்டேன். அறுபத்தொரு வீடு. ஒரு நாளைக்கு நான்கு வீட்டுக்கு மேல் என்னால் முடியவில்லை. கதவைத் தட்டிவிட்டு, திறக்காமல் இருந்தால் நல்லது என்று நிற்பேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, "பதினோரு பேரா" என்றாள். அன்று மதியம் தறியை நிறுத்திவிட்டு முதலாளியிடம் போய், "எனக்கு எடது காது கேக்காது. நாலு வருசமாக் கேக்காது. எவனோ கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து உங்ககிட்டச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிப்புட்டேன்" என்றாளாம். அவர், "எம்புட்டு வருசம் ஏமாத்திருக்க சாதிகா" என்று மட்டும் சொன்னாராம். இப்போது அம்மா மடிக்கிற பக்கம். நான் பேச ஆரம்பித்தால் இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள்.

எல்லோரும் திட்டவில்லை. ரஹ்மத் மாமி சிரித்துவிட்டார். "நம்ம காதெல்லாம் வெளிநாடு போயிருச்சாமா. நாமதான் மாட்டுத்தாவணி பஸ்ஸ்டாண்டத் தாண்டல. வச்சுக்கிறட்டும் புள்ள, எனக்கு இனிமே என்ன இருக்கு" என்று கைநாட்டு வைத்தார். இன்னொரு வீட்டில், "இதப் பாத்துட்டு எவனாச்சும் தறிச் சத்தத்தக் குறைக்க வழி பண்ணுவானா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னதற்காகவே கையெழுத்துப் போட்டார்கள் போல இருந்தது.

ஃபர்ஹா அக்கா வாசலிலேயே பேசினாள். "எடுத்துரு. அடுத்த மாசம் என்னைப் பொண்ணு பாக்க வாராக." சரி என்றேன். கதவைச் சாத்தப் போனவள் நின்று, "அன்னைக்கு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னப்ப என் கையப் புடிச்சிட்டுச் சொன்ன. நெனவிருக்கா?" என்றாள். இருக்கிறது அக்கா. அந்தக் கையில் மருதாணி வைத்திருந்தாள்.

முப்பத்து நான்கு பேர் சம்மதம். பத்தொன்பது பேர் வேண்டாம் என்றார்கள். எட்டு வீட்டில் கதவு திறக்கவில்லை, அதையும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதில் அம்மாவும் ஒருத்தி. "நான் வாயால சொன்னது போதும். தாள்ல வேணாம்" என்றாள்.

அறுபது பேராவது இருந்தால்தான் கட்டுரை நிற்கும் என்று நீங்கள் முன்பு சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். கையெழுத்துத் தாள்களைக் கூரியரில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஷைமா


புனே
2.8.2025

அன்பு ஷைமா,

தாள்கள் வந்தன. ஒவ்வொரு கைநாட்டுக்குப் பக்கத்திலும் தேதி போட்டிருக்கிறாய். காப்பகத்தில் இருப்பவர், இவ்வளவு ஒழுங்காக யாரும் கொடுத்ததில்லை என்றார். நான் தலையாட்டினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முப்பத்து நான்கு பேரை வைத்து அது சொன்னதைச் சொல்ல முடியாது. என் வேலை செப்டம்பரோடு முடிகிறது. இரண்டு மூன்று இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரை எழுமலையில் அம்மாவின் முட்டியைப் பார்ப்பேன், அவள் ஆசைப்பட்டபடி. இது உன்னால்தான் என்று நீயாக யோசித்துக்கொண்டு இருக்காதே.

முப்பத்து நான்கு தாளையும் காப்பகம் வாங்கிக்கொண்டது, முறைப்படி சேர்க்க இன்னும் சில வாரம் ஆகும். பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது அதைப் பார்க்கக் கேட்டால், குழு மட்டும் இல்லாமல் தரவு கொடுத்த இடத்தைச் சேர்ந்த ஒருவரையும் கேட்கலாம். அவர் வேண்டாம் என்றால் தர மாட்டார்கள். அந்த இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். பெயர் வெளியே தெரியாது.

உன்னைத்தான் நினைத்தேன். இந்த முறை போட்டுவிட்டுச் சொல்லவில்லை, போடுவதற்கு முன்னால் கேட்கிறேன். விண்ணப்பம் உள்ளே இருக்கிறது. வேண்டாம் என்றாலும் எழுது.

உன் அக்கா
நாகஜோதி


செல்லூர்
14.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதை நீங்கள் தடுக்க முடியாது.

அந்த இடம் எனக்கு வேண்டாம் அக்கா. நீங்கள் கேட்டதற்குச் சந்தோஷம். ஆனால் இன்னொரு முறை யார் வீட்டு வாசலிலும் தாளோடு நிற்க என்னால் ஆகாது. தெருவில் போனால் சில பேர் பேச்சை நிறுத்துகிறார்கள். முபீனுடைய பட்டறைக்குப் பக்கத்தில் உள்ள தையல் கடையில் பித்தான் கட்ட ஆள் கேட்டார்கள், திங்கள்கிழமையிலிருந்து போகிறேன். அங்கே யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை அலமாரியில் வைத்திருந்தேன். அம்மா எடுத்து வாசித்திருக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஒரு மதியம் முழுக்க வாசித்திருப்பாள். சாயங்காலம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த எடத்துல என் பேரப் போடச் சொல்லு" என்றாள்.

"நீ வேணாம்னு சொன்னவதானம்மா. உன் தாளே அதுல இல்லையே" என்றேன்.

"என்னது இல்லாததுனாலதான் சொல்றேன். எனக்கு அதுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அந்த முப்பத்து நாலு பேருக்கு இருக்கு. எவன் வந்து கேட்டாலும் மொதல்ல என்னத்துக்குன்னு சொல்லட்டும். வீட்டு நெலம அறிஞ்சவதான் தரலாமா வேணாமான்னு சொல்லணும். உனக்கு எல்லாத்துக்கும் சரின்னு சொல்ற வாயி. அந்தப் புள்ளைக்கு அவசரம். ரெண்டு பேரையும் வச்சு அது ஆகாது."

உண்மைதானே.

விண்ணப்பத்தை அம்மாவே பிடுங்கி நிரப்பினாள். பேனாவை அழுத்தியதில் அடுத்த பக்கம் வரை பதிந்திருக்கிறது. தொலைபேசி எண் கேட்ட இடத்தில் முபீன் எண்ணை எழுதப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "போன்ல பேசுனா எனக்குப் பாதி வெளங்காது, வெளங்காமயே ஆமான்னு சொல்லிருவேன். தபால்ல எழுதி அனுப்பச் சொல்லு. நான் மெதுவா வாசிச்சுப்புட்டுச் சொல்றேன். எம்புட்டு நாளானாலும் அவங்க காத்திருக்கட்டும்."

விண்ணப்பம் இதோடு இருக்கிறது. நீங்கள் கொடுத்த கவரில் இதுதான் கடைசி.

ஷைமா